ஒன்ராறியோவின் குடும்பக் கூட்டணிக் கட்சி: ஓர் இடமும் வெல்லாத ஒரு கட்சியின் கதை

நூலகவாசி எழுதியது:

மாகாண அரசியலின் சிறு கட்சிகளைப் பற்றிப் பேச்சு எழும்போது நாம் பெரும்பாலும் பசுமைக் கட்சியோடு நின்றுவிடுகிறோம். ஆனால் 1990ஆம் ஆண்டு ஒன்ராறியோ தேர்தலில் பசுமைக் கட்சியைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வாக்குகளைப் பெற்று, பெரிய கட்சிகள் மூன்றுக்கும் அடுத்ததாக நின்றது குடும்பக் கூட்டணிக் கட்சி. சுமார் 1,10,000 பேர் அதற்கு வாக்களித்தார்கள். மொத்த வாக்குகளில் அது 2.7 சதவீதம். அதற்குப் பிறகு அந்த உயரத்தை அக்கட்சி ஒருபோதும் தொடவில்லை. இது ஏன் நிகழ்ந்தது என்று பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் குற்றவியல் சட்டம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மருத்துவமனைகளும் பள்ளிக்கூடங்களும் மாகாணத்தின் பொறுப்பு. 1969ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மூன்று மருத்துவர்களுக்குக் குறையாத குழு ஒன்று ஒப்புதல் அளித்தால் மருத்துவமனைகளில் கருக்கலைப்பு செய்யலாம் என்றது. 1983இல் மருத்துவர் ஹென்றி மோர்கென்டாலர் ரொறொன்ரோவின் ஹார்போர்ட் வீதியில் அந்தக் குழு முறையை முற்றாகப் புறக்கணித்து ஒரு சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். வழக்குத் தொடரப்பட்டது, 1984இல் நடுவர் குழு அவரை விடுவித்தது, மாகாண அரசு மேன்முறையீடு செய்தது. வழக்கு மேலே மேலே போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் நிலையம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எதிர்ப்பாளர்கள் ஒவ்வொரு நாளும் அதன் வாசலில் நின்றார்கள். குயின்ஸ் பார்க்கில், அதாவது மாகாணச் சட்டமன்றத்தில், இருந்த மூன்று கட்சிகளில் எதுவும் தங்களுக்காகப் பேசாது என்ற முடிவுக்கு அவர்களில் ஒரு பகுதியினர் வந்தார்கள். காம்பெய்ன் லைஃப் கோலிஷன் என்ற கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பைச் சார்ந்தவர்கள் 1987இல் இக்கட்சியைத் தொடங்கியதற்கு இதுவே உடனடிக் காரணம். டொனால்ட் பெனல் அதன் முதல் தலைவரானார்.

அன்றைய சட்டப்படி ஒரு கட்சி பதிவு பெற வேண்டுமானால் பாதித் தொகுதிகளில் வேட்பாளரை நிறுத்த வேண்டும், அல்லது 10,000 வாக்காளர்களின் கையொப்பத்தைத் திரட்ட வேண்டும். மொத்தத் தொகுதிகள் 130. இக்கட்சி 1987இல் நிறுத்தியது 36 பேரை மட்டுமே. ஆகவே கையொப்பம் திரட்டும் வழியில்தான் அது வந்தது. மறுசுழற்சிப் பெட்டிக்குப் போகும் துண்டறிக்கைகளை அச்சிட்டுவிட்டு ஓய்ந்துபோகும் குழு இவ்வளவு கையொப்பங்களைத் திரட்டியிருக்க முடியாது. பின்னால் ஒரு வலைப்பின்னல் இருந்தது என்பதே என் கணிப்பு.

பனையடி எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் இதைக் கிறித்தவக் கட்சி என்று வகைப்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெயரில் கிறித்தவம் இல்லை. எந்த மதத்தவரும் சேரலாம் என்றே கட்சி சொல்லிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மத்திய அரசியலில் உருவான கிறித்தவ மரபுக் கட்சி, அதாவது கிறிஸ்டியன் ஹெரிட்டேஜ் பார்ட்டி, தன் கொள்கைக்கு விவிலியமே அடிப்படை என்று வெளிப்படையாக அறிவித்தது. அதன் முதல் தலைவர் எட் வான்வூடன்பெர்க். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹொலண்டிலிருந்து வந்து குடியேறிய சீர்திருத்தத் திருச்சபையினர் அதன் முதுகெலும்பாக இருந்தார்கள். இவ்விரண்டையும் ஒரே கூடையில் போடலாமா?

நூலகவாசி எழுதியது:

பெயரை வைத்துப் பார்த்தால் உங்கள் தயக்கம் சரி. ஆனால் யார் உழைத்தார்கள், யார் வாக்களித்தார்கள் என்று பார்த்தால் விடை மாறும். கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கம் அன்றைய ஒன்ராறியோவில் பெருமளவு கத்தோலிக்கர்களின் இயக்கம். கட்சியின் செயல்வீரர்களும் அங்கிருந்தே வந்தார்கள். சீர்திருத்தத் திருச்சபையினரும் சுவிசேஷ சபையினரும் பின்னர் சேர்ந்தார்கள். கத்தோலிக்கர்கள் விவிலிய வசனங்களை மேடையில் ஏற்றுவதை விட, இயற்கை நீதி, மனித உரிமை, குடும்பம் என்ற சொற்களில் வாதிடுவதையே வழக்கமாகக் கொண்டவர்கள். கட்சியின் மதச்சார்பற்ற பெயரே ஒரு வகையில் கத்தோலிக்க மனப்பாங்கின் அடையாளம் என்பேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சதவீதங்களை மட்டும் பார்த்தால் இக்கட்சியின் உண்மையான பலமும் பலவீனமும் தெரியாது. வேட்பாளர் ஒருவருக்குச் சராசரியாக எத்தனை வாக்கு என்று பார்க்க வேண்டும்.

1987இல் 36 வேட்பாளர்கள் சேர்ந்து 48,000 வாக்குகளைப் பெற்றார்கள். ஒருவருக்குச் சுமார் 1,300. 1990இல் 68 வேட்பாளர்கள், ஒருவருக்குச் சுமார் 1,600. ஒரு தொகுதியில் அன்று சராசரியாக 31,000 வாக்குகள் பதிவாயின என்பதால், கட்சி நின்ற இடங்களில் அதன் பங்கு ஐந்து சதவீதத்தைத் தொட்டது. மாகாண அளவில் 2.7 என்று படிக்கும்போது தோன்றும் சித்திரத்தை விட இது கனமானது. மூன்று பெரிய கட்சிகளும் கடுமையாக மோதும் தொகுதியில் ஐந்து சதவீதம் என்பது வெற்றி தோல்வியையே மாற்றக்கூடிய அளவு.

இப்போது 2007க்கு வாருங்கள். 107 தொகுதிகளில் 83இல் வேட்பாளர்கள் நின்றார்கள். கட்சியின் வரலாற்றில் அதிக வேட்பாளர்கள் நின்ற தேர்தல்களுள் அது ஒன்று. கிடைத்த வாக்குகளோ 36,000க்கும் குறைவு. மாகாண அளவில் 0.8 சதவீதம். ஒருவருக்குச் சராசரி 430 வாக்குகள். அதாவது 1990ஐ விட வேட்பாளர் பட்டியல் நீண்டிருந்தும் ஆதரவு நான்கில் ஒரு பங்குக்கு மெலிந்துவிட்டது. அமைப்பு சிதைந்ததால் கட்சி தேய்ந்தது என்ற விளக்கம் இந்த எண்களுக்குப் பொருந்தாது. வேட்பாளர்களைத் தேடிப் பிடிக்கும் ஆற்றல் 2007 வரை இருந்தது. வாக்காளர்கள்தான் வேறு எங்கோ போய்விட்டார்கள்.

செந்தாமரை எழுதியது:

1990ஐப் பற்றி ஒரு கேள்வி. அந்தத் தேர்தலில் பொப் ரே தலைமையிலான புதிய சனநாயகக் கட்சி 37.6 சதவீத வாக்குகளோடு 130இல் 74 இடங்களை வென்று முதன்முறையாக ஆட்சியைப் பிடித்தது. கருக்கலைப்பு உரிமையை மிகத் தெளிவாக ஆதரித்த கட்சி அதுதான். அப்படியானால் குடும்பக் கூட்டணிக் கட்சி வாக்குகளைப் பிரித்ததன் மூலம் தன் கொள்கைக்கு மிகவும் எதிரான ஆட்சியைக் கொண்டுவர உதவியது என்று சொல்லலாம் அல்லவா? அந்த வாக்குகள் அனைத்தும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து வந்தவை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். மாகாண முதல்வரான லிபரல் தலைவர் டேவிட் பீட்டர்சன் 1987இல் 95 இடங்களை வென்றிருந்தும், மூன்றே ஆண்டுகளில் தேவையில்லாமல் தேர்தலை அறிவித்தார் என்ற கோபம் பரவலாக இருந்தது. கியூபெக் மாகாணத்தை அரசியலமைப்பை ஏற்கவைக்க முயன்ற மீச் லேக் உடன்பாட்டின் தோல்வி தந்த கசப்பும் பாட்டி ஸ்டார் நன்கொடை ஊழலும் அதனோடு சேர்ந்துகொண்டன. லிபரல்கள் 32.4 சதவீதத்துக்கும், முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியினர் 23.5 சதவீதத்துக்கும் இறங்கினார்கள். பிரெஞ்சு மொழிச் சேவைகளை எதிர்த்த பிராந்தியக் கூட்டமைப்புக் கட்சி 1.9 சதவீதம் பெற்றது. எல்லாத் திசைகளிலும் எதிர்ப்பு வாக்குகள் சிதறிய ஒரு தேர்தலில், ஒரு சிறு கட்சியை மட்டும் பிடித்துப் பழி சுமத்துவது நியாயமாகாது. குறுகிய வித்தியாசத்தில் முடிந்த சில தொகுதிகளில் அதன் தாக்கம் இருந்திருக்கும் என்பதை ஏற்கிறேன்.

நூலகவாசி எழுதியது:

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வாக்குகள் கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து வந்தவை என்ற ஊகம் இன்றைய அரசியலை அன்றைக்குப் பொருத்திப் பார்ப்பதால் வருவது. ஒன்ராறியோவில் பல தலைமுறைகளாகப் புராட்டஸ்டன்ட் ஆரஞ்சு சங்கத்தின் செல்வாக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே இருந்தது. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களும், போருக்குப் பின் வந்த இத்தாலியர்களும் போர்த்துக்கேயர்களும் பெரும்பாலும் லிபரல் பக்கமே நின்றார்கள். ஆகவே 1987இல் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தலைவர் குடும்பக் கூட்டணிக் கட்சிக்கு வாக்களித்தார் என்றால், அவர் விட்டுவந்த கட்சி லிபரல் கட்சியாக இருப்பதற்கான வாய்ப்பே அதிகம்.

பள்ளிக்கூடப் பிரச்சினையை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. இருந்தும் மாகாணத்தின் நிதியுதவி 10ஆம் வகுப்போடு நின்றது. அதை உயர்நிலைக் கல்வியின் இறுதிவரை நீட்டிப்பதாக 1984 ஜூனில் அறிவித்தவர் கன்சர்வேட்டிவ் முதல்வர் பில் டேவிஸ். அவருடைய கட்சியின் புராட்டஸ்டன்ட் ஆதரவாளர்களுக்கு அது பெரும் அதிர்ச்சியாக இருந்தது. 1985இல் அக்கட்சி 42 ஆண்டு கால ஆட்சியை இழந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். சட்டத்தை 1986இல் நிறைவேற்றியது பீட்டர்சனின் லிபரல் அரசு. அதே அரசு அதே ஆண்டில் மனித உரிமைச் சட்டத் தொகுப்பில் பாலியல் நாட்டத்தையும் சேர்த்தது. பள்ளிக்கு நிதி கொடுத்த கைதான் தங்கள் நெறிக்கு மாறான சட்டத்தையும் எழுதியது என்ற குழப்பம் கத்தோலிக்க வாக்காளர்களிடம் இருந்தது. குடும்பக் கூட்டணிக் கட்சி அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம்.

பனையடி எழுதியது:

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. கல்விக்கான அரசுப் பணம் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பது இக்கட்சியின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. கத்தோலிக்கர்களுக்குத்தான் ஏற்கெனவே முழு நிதியும் கிடைத்துவிட்டதே. பிறகு அந்தக் கோரிக்கையால் கட்சிக்கு என்ன ஆதாயம்?

நூலகவாசி எழுதியது:

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அக்கட்சியின் அடிப்படை முரண்பாடே அதுதான். ஸ்காபரோவிலும் மிசிசாகாவிலும் கத்தோலிக்கப் பள்ளிச் சபையின் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம்மவர்கள் உட்பட, எந்தக் கத்தோலிக்கப் பெற்றோருக்கும் கட்டணச் சுமை இல்லை. சுமை இருந்தது சீர்திருத்தத் திருச்சபையினருக்கும் யூதர்களுக்கும் பிற மதப் பள்ளிகளுக்கும். அவர்கள் தொடுத்த ஆட்லர் வழக்கில், அவர்களுக்கு நிதி வழங்க அரசியலமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, ஒரு மதத்துக்கு மட்டும் நிதி வழங்குவது பாகுபாடு என்று கருத்துரைத்தது. மாகாணம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆக, கட்சிக்கு உழைத்த பெரும்பான்மையோருக்குப் பள்ளிப் பிரச்சினை முடிந்துபோன ஒன்று. பள்ளிப் பிரச்சினை எரிந்துகொண்டிருந்தவர்களோ எண்ணிக்கையில் குறைந்தவர்கள். கருக்கலைப்பு எதிர்ப்பு மட்டுமே இரு தரப்பையும் கட்டிவைத்த கயிறு.

அந்தக் கயிறும் விரைவில் மாகாணத்தின் கையை விட்டு நழுவியது. 1988 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் 1969ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. மல்ரோனி அரசு கொண்டுவந்த மாற்றுச் சட்டமூலம் 1991 ஜனவரியில் செனட் சபையில் 43க்கு 43 என்று சமநிலையில் விழுந்தது. அதன் பிறகு எந்த மத்திய அரசும் அந்தப் பக்கம் போகவில்லை. மாகாணக் கட்சி கேட்கக்கூடியதாக எஞ்சியது ஒன்றே: பொதுச் சுகாதாரக் காப்புறுதியிலிருந்து கருக்கலைப்புக்குப் பணம் கொடுக்காதே என்பது. நிதி நிர்வாகக் கோரிக்கையாகச் சுருங்கிவிட்ட ஒரு கொள்கைக்காகக் குளிர்காலத்தில் கதவைத் தட்ட எத்தனை பேர் வருவார்கள்?

செந்தாமரை எழுதியது:

ஆனால் 1994இல் நிலைமை மீண்டும் சூடாகியிருக்க வேண்டுமே. ஒருபாலினத் துணைவர்களுக்குத் திருமணமானவர்களுக்குரிய உரிமைகளை வழங்கும் 167ஆம் சட்டமூலத்தை ரே அரசு கொண்டுவந்தது அந்த ஆண்டில்தான். அதற்கு அடுத்த ஆண்டே தேர்தல். இக்கட்சி ஏன் வளரவில்லை?

நூலகவாசி எழுதியது:

சட்டமூலம் தோற்றுவிட்டது என்பதே காரணம். 1994 ஜூன் 9 அன்று மனச்சாட்சி வாக்கெடுப்பில் 68க்கு 59 என்ற கணக்கில் அது வீழ்ந்தது. ஆளும் கட்சி உறுப்பினர்களிலேயே 12 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். பெரிய கட்சிகளுக்குள் இருப்பவர்களே தடுத்துவிட முடியும் என்று கண்ட வாக்காளர், வெளியே இருக்கும் சிறு கட்சிக்கு ஏன் வாக்களிக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய காரணம் மாகாணக் கன்சர்வேட்டிவ் தலைவர் மைக் ஹாரிஸ். 1993 கூட்டாட்சித் தேர்தலில் வலதுசாரிக் கட்சியான சீர்திருத்தக் கட்சி ஒன்ராறியோவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்று ஒரேயோர் இடத்தை வென்றது. அந்த வாக்குகளை அப்படியே தன் பக்கம் திருப்பிக்கொண்டார் ஹாரிஸ். வரிக் குறைப்பு, சமூக உதவிப்பணக் குறைப்பு என்ற பொருளாதாரப் பேச்சுதான் அவருடையது. கருக்கலைப்பு அவருடைய தேர்தல் திட்டத்தில் இடம்பெறவில்லை. இருந்தும் ரே ஆட்சியை அகற்ற வேண்டும் என்ற ஒற்றை நோக்கம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 1995இல் குடும்பக் கூட்டணிக் கட்சி 1.5 சதவீதமாகவும், 1999இல் 0.6 சதவீதமாகவும் சுருங்கியது. 2001ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு நிதியமைச்சர் ஜிம் ஃபிளாகர்ட்டி வரிச் சலுகை அறிவித்தபோது, பள்ளிக் கோரிக்கையின் ஒரு பகுதியையும் ஆளும் கட்சி எடுத்துக்கொண்டது. லிபரல்கள் 2003இல் ஆட்சிக்கு வந்ததும் அதை நீக்கினார்கள். அந்தத் தேர்தலில் இக்கட்சிக்கு 0.8 சதவீதம், ஏற்றம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை.

பனையடி எழுதியது:

ஜுசெப்பே கோரியின் தலைமையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். நான் படித்தவரை, கட்சியை ஒற்றைப் பிரச்சினைக் கட்சி என்ற நிலையிலிருந்து வெளியே கொண்டுவர முயன்றவர் அவர். பொதுசன வாக்கெடுப்பு, வாக்காளர்களே சட்டத்தை முன்மொழியும் உரிமை, தேர்தல் முறைச் சீர்திருத்தம் என்று அவர் பேசியவை ஒரு சமயப் பழமைவாதக் கட்சியிடம் நாம் எதிர்பார்க்காதவை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எதிர்பார்க்காதவை என்று நான் சொல்ல மாட்டேன். தற்போதைய முறையில் ஓர் இடமும் கிடைக்காது என்று இருபது ஆண்டு அனுபவம் காட்டிய பிறகு, எந்தச் சிறு கட்சியும் முறையையே மாற்றத்தான் விரும்பும். 2007 அக்டோபர் 10 அன்று தேர்தலோடு சேர்த்து நடந்த பொதுசன வாக்கெடுப்பில், கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் கலப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையைப் பசுமைக் கட்சியும் புதிய சனநாயகக் கட்சியும் ஆதரித்தன. குடும்பக் கூட்டணிக் கட்சியும் அதே அணியில் நின்றது. குடிமக்கள் மன்றம் முன்வைத்த திட்டம் இதுதான்: 129 இடங்கள், அவற்றில் 90 தொகுதிக்கு உரியவை, 39 கட்சிப் பட்டியலுக்கு உரியவை, பட்டியல் இடம் பெறக் குறைந்தது 3 சதவீத வாக்குகள் வேண்டும்.

அந்த 3 சதவீதத்தை இக்கட்சியின் உச்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1990இல் பெற்றது 2.7. அதாவது அன்று அந்த முறை நடைமுறையில் இருந்திருந்தாலும் அது வாசற்படியிலேயே நின்றிருக்கும். 130 தொகுதிகளிலும் வேட்பாளரை நிறுத்தியிருந்தால் எளிதாகக் கடந்திருக்கும் என்பது வேறு கதை. 2007இல் 0.8 சதவீதத்தோடு அது எதிர்பார்த்தது எதை என்று எனக்கு விளங்கவில்லை. எப்படியோ, திட்டத்தை ஆதரித்தவர்கள் 37 சதவீதம் பேர் மட்டுமே. பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது ஐந்து தொகுதிகளில், அனைத்தும் ரொறொன்ரோவில். அந்த ஐந்தும் இக்கட்சிக்குச் சற்றும் ஒத்துவராத நகர்மையத் தொகுதிகள் என்பது ஒரு வேடிக்கை.

செந்தாமரை எழுதியது:

அதே 2007இல் கன்சர்வேட்டிவ் தலைவர் ஜோன் டோரி அனைத்து மதப் பள்ளிகளுக்கும் அரசு நிதி வழங்கலாம் என்று வாக்குறுதி கொடுத்து, அதனாலேயே தோற்றார். குடும்பக் கூட்டணிக் கட்சி இருபது ஆண்டுகளாகப் பேசிவந்த ஒன்றை ஒரு பெரிய கட்சித் தலைவர் பேசியதும் மாகாணமே எதிர்த்தது. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, கடைசி வாரங்களில் அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று.

நூலகவாசி எழுதியது:

ஆம். அந்தத் தோல்விக்குப் பிறகு எந்தப் பெரிய கட்சியும் மதப் பள்ளி நிதியைத் தொடவில்லை. கட்சியின் இறுதிக் காலத்தை நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. 2011 தேர்தலில் பில் லீஸ் தலைமையில் 0.2 சதவீதம். 2015இல் ஒன்ராறியோ புதிய சீர்திருத்தக் கட்சி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து குடும்பம் போயிற்று.

என்னை வியக்க வைப்பது காலப் பொருத்தமின்மை. 2015இல்தான் கத்லீன் வின்னின் லிபரல் அரசு புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. ரொறொன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க் பகுதியில் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். முஸ்லிம்கள், சீனர்கள், சீக்கியர்கள், கத்தோலிக்கர்கள், நம்மவர்களில் ஒரு பகுதியினர் என்று பலரும் குயின்ஸ் பார்க் முன்னால் கூடினார்கள். எல்லா மதத்தவரையும் குடும்பத்தின் பெயரால் ஒன்றுசேர்ப்போம் என்று 1987இல் சொன்ன கட்சிக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்க முடியாது. அப்போது கட்சியோ பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டிருந்தது.

2016 செப்டெம்பர் 1 அன்று ஸ்காபரோ ரூஜ் றிவர் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல் இதற்குச் சான்று. புதிய சனநாயகக் கட்சிக்கு நீதன் சாணும், லிபரல் கட்சிக்குப் பிரகல் திருவும் நின்றதால் நம்மில் பலருக்கு அது நினைவிருக்கும். கன்சர்வேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுன், அந்தப் பாடத்திட்டத்தை நீக்குவேன் என்று தன் பெயரில் கடிதம் அனுப்பிவிட்டு, சில நாள்களிலேயே அதிலிருந்து விலகினார். பாடத்திட்ட எதிர்ப்பையே ஒற்றைக் கோரிக்கையாக வைத்து அங்கு நின்றவர் ஒரு சுயேச்சை வேட்பாளர். ரேமண்ட் சோ வென்று கன்சர்வேட்டிவ் கட்சி அத்தொகுதியைப் பிடித்தது.

பனையடி எழுதியது:

அப்படியானால் இந்த வாக்காளர்கள் கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் போய்ச் சேர்ந்ததால் பயன் பெற்றார்களா? 2018 கன்சர்வேட்டிவ் தலைமைப் போட்டியில், பாடத்திட்டத்தை எதிர்த்து நின்ற தான்யா கிரானிக் ஆலனுக்குக் கிடைத்த ஆதரவு அடுத்த சுற்றுகளில் டக் ஃபோர்டுக்குப் போய்த்தான் அவர் வென்றார். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஆலனையே வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்கினார் ஃபோர்டு. பாடத்திட்டத்தை 2018இல் விலக்கிக்கொண்டு, 2019இல் பெரும்பாலும் அதைப் போன்ற ஒன்றையே மீண்டும் கொண்டுவந்தார். வெளியே நின்ற காலத்திலும் வெறுங்கை, உள்ளே போன பிறகும் வெறுங்கை என்றுதானே ஆகிறது?

நூலகவாசி எழுதியது:

முழு வெறுங்கை என்று நான் கருதவில்லை. ஒரு தலைவரை உருவாக்கும் அளவுக்கு உள்ளே செல்வாக்கு இருந்தது. அவரைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு இல்லை. 2017 அக்டோபரில், கருக்கலைப்பு நிலையங்களின் வாசலில் போராட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 86க்கு 1 என்று நிறைவேறியபோது, எதிர்த்த ஒரே உறுப்பினர் ஜாக் மக்லாரன். அவர் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு டிரில்லியம் என்ற சிறு கட்சிக்குப் போனவர். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைசியாக ஓர் எண்ணைச் சேர்த்துவிடுகிறேன். 2022 தேர்தலில், ஃபோர்டின் மீது அதிருப்தி கொண்டு பிரிந்தவர்கள் தொடங்கிய நியூ புளூ கட்சி 2.7 சதவீதமும், டெரெக் ஸ்லோன் தலைமையிலான ஒன்ராறியோ கட்சி 1.8 சதவீதமும் பெற்றன. முதல் எண் 1990இல் குடும்பக் கூட்டணிக் கட்சி பெற்றதற்கு ஏறக்குறையச் சமம். ஆனால் இவர்களுடைய மேடையில் முதலிடம் பெற்றவை கோவிட் கட்டுப்பாடுகளும் தடுப்பூசி ஆணைகளும். 1990இல் 68 தொகுதிகளில் திரட்டிய அளவை நியூ புளூ கட்சி 124 தொகுதிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வேட்பாளர்களை நிறுத்தித்தான் எட்டியது. ஆகவே தொகுதி ஒன்றுக்கான சராசரியை வைத்துப் பார்த்தால் பெனல் காலத்துக் கட்சியே இன்னும் முன்னால் நிற்கிறது.